“இல்லை” என்ற பதிலும் பதிலே வராமையும்

கணினி பற்றிய கட்டுரை என்று கண்டதும் பக்கத்தைப் புரட்ட நினைக்கும் தோழியரே, சற்றுப் பொறுங்கள். தமிழ்ச் சஞ்சிகையில் செய்நிரலுக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்பது நியாயந்தான். ஆனால் நான் எழுத வந்தது நூற்பட்டியல்களைப் பற்றி. நம்மிற் பலர் நாளை பல்கலைக்கழகம் சென்று ஓர் ஆய்வேடு எழுத வேண்டியிருக்கும். “இப்பொருள் பற்றி இதுவரை எவரும் ஆய்வு செய்யவில்லை” என்ற வாக்கியத்தை அதன் முதற் பக்கங்களில் எழுத எல்லோருக்குமே ஆசையாக இருக்கும். அப்படி எழுதுமுன் எங்கெங்கே தேடினோம், தேடிய இடம் உண்மையிலேயே நமக்குப் பதில் சொன்னதா என்று பார்க்க வேண்டாமா?

எனக்கு இந்தக் கேள்வி வந்தது என் ராத்தாவால். கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்கள் பற்றித் தமிழில் வந்துள்ள ஆய்வுகளுக்கு ஒரு பட்டியல் வேண்டும் என்று கேட்டார். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தை ஒரு பாடமாக எடுத்திருப்பதால் பைதன் மொழியில் சிறு செய்நிரல் எழுத எனக்கு வரும். அந்தப் பட்டியலைத் தயாரிக்கும்போது கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

பேராதனை, யாழ்ப்பாணம், தென்கிழக்கு முதலிய நமது பல்கலைக்கழகங்கள் தத்தம் ஆய்வுக் கட்டுரைகளையும் ஆய்வேடுகளையும் இணையத்தில் எண்மக் களஞ்சியங்களாக வைத்திருக்கின்றன. டிஸ்பேஸ் என்ற இலவச மென்பொருள் இவற்றுக்கு உதவுகிறது. ஒவ்வொரு களஞ்சியத்திலும் தனித்தனியே புகுந்து தேடலாம். பத்துக் களஞ்சியங்கள் என்றால் பத்துத் தடவை, அடுத்த மாதம் மீண்டும் பத்துத் தடவை. இதற்கு மாற்றாக, எல்லாக் களஞ்சியங்களிலிருந்தும் நூற்பட்டியல் விபரங்களை மட்டும் எடுத்து ஓரிடத்திற் குவித்துக்கொண்டு அங்கே தேடலாம். இந்த வேலைக்கு மீதரவு அறுவடை என்று பெயர்.

மீதரவு என்றால் தரவைப் பற்றிய தரவு. பழைய நூலகங்களில் இழுப்பறைக்குள் அடுக்கியிருக்கும் அட்டைகளை நினைத்துப் பாருங்கள். புத்தகம் இறாக்கையில் இருக்கும். அதன் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு, பொருள் ஆகியவை அட்டையில் இருக்கும். அந்த அட்டைதான் மீதரவு. களஞ்சியங்கள் அட்டையை ஆளுக்கொரு விதமாக எழுதினால் குவிக்க முடியாது என்பதால் பொதுவான வடிவங்கள் சில உண்டு. அவற்றுள் எளியது டப்ளின் கோர். தலைப்பு, ஆக்கியோன், பொருள், திகதி, மொழி என்று 15 கூறுகள் கொண்டது. டப்ளின் என்றதும் அயர்லாந்தை நினைத்துவிட வேண்டாம். 1995இல் இதற்கான முதற் கூட்டம் நடந்தது அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் உள்ள டப்ளின் என்ற ஊரில்.

களஞ்சியத்திடம் அட்டைகளைக் கேட்பதற்கும் ஒரு முறை வேண்டும். 1999இல் அமெரிக்காவின் சாந்தா ஃபே நகரில் நடந்த ஒரு சந்திப்பிலிருந்து அந்த முயற்சி தொடங்கியது. 2001இல் முதற் பதிப்பும், 2002இல் இன்றும் பயன்பாட்டில் உள்ள இரண்டாம் பதிப்பும் வெளியாயின. ஓ.ஏ.ஐ.-பீ.எம்.எச். என்பது அந்த நடப்பொழுங்கின் சுருக்கப் பெயர். பெயர்தான் பயமுறுத்துமே தவிர உள்ளே இருப்பவை ஆறே ஆறு கேள்விகள். நீ யார்? அட்டைகளை எந்தெந்த வடிவில் தருவாய்? அவற்றை எந்தத் தொகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறாய்? அடையாளங்களை மட்டும் தருவாயா? பதிவுகளை முழுதாகத் தருவாயா? இந்த ஒரு பதிவை மட்டும் தருவாயா? இவ்வளவுதான். “இன்ன திகதியிலிருந்து இன்ன திகதி வரை” என்று வரையறுத்தும் கேட்கலாம். பதில் எக்ஸ்.எம்.எல். வடிவில் வரும்.

இந்தக் கேள்விகளைப் பைதனிலிருந்து கேட்பதற்கு ஆயத்தமாகச் செய்து வைக்கப்பட்ட செய்நிரல் நூலகம் ஒன்றுண்டு. அதன் பெயர் சிக்கிள். வயல் உள்ள வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்வதானால், தாக்கத்தி. அறுவடைக் கருவிக்கு இதைவிடப் பொருத்தமாக யார் பெயர் வைப்பார்? களஞ்சியத்தின் முகவரியைக் கொடுத்துப் “பதிவுகளைத் தா” என்று ஒரு வரி எழுதினால் ஒவ்வொரு பதிவாக எடுத்து நம் கையில் தந்துகொண்டே இருக்கும். எல்லாம் சரியாக நடந்தால் முழுச் செய்நிரலும் பத்து வரிக்குள் முடிந்துவிடும்.

எல்லாம் சரியாக நடப்பதில்லை என்பதுதான் கதை.

களஞ்சியத்திலிருந்து பதில் வருவதை இரண்டு படிகளாகப் பார்க்க வேண்டும். உம்மா உங்களை அடுத்த வீட்டுக்கு அனுப்பி “சீனி இருக்கிறதா என்று கேட்டு வா” என்கிறார். கதவைத் தட்டுகிறீர்கள், யாரும் திறக்கவில்லை. இது முதற் படியில் நேர்ந்த தடங்கல். கதவு திறந்து, “சீனி இல்லையே மகள்” என்று சொன்னால் அது இரண்டாம் படி. வெறுங்கையோடுதான் இரண்டு தடவையும் வீடு திரும்புகிறீர்கள். ஆனால் உம்மாவிடம் இரண்டுக்கும் ஒரே பதிலைச் சொல்வீர்களா?

இணையத்தில் முதற் படியைக் காட்டுவது எச்.ரீ.ரீ.பீ. என்னும் பொது நடப்பொழுங்கின் மூன்றிலக்க எண். 200 என்றால் கதவு திறந்தது. 404 என்றால் அந்த முகவரியில் அப்படியொன்றும் இல்லை. 500 என்றால் உள்ளே ஏதோ குழப்பம். 503 சற்று மரியாதையான எண்: “இப்போது வேலை மிகுதி, பிறகு வாருங்கள்” என்பது அதன் பொருள். எத்தனை விநாடி கழித்து வரவேண்டும் என்பதையும் சேவையகம் கூடவே சொல்லலாம். சிக்கிளுக்கு அந்தச் சொல்லை மதித்துக் காத்திருக்கத் தெரியும். ஆனால் தானாகச் செய்யாது. இத்தனை தடவை மீள முயற்சி செய் என்று நாம் எண்ணைக் கொடுத்தாற்றான் செய்யும். கொடுக்காவிட்டால் முதல் 503இலேயே வழு என்று கைவிரித்துவிடும். மூன்று தடவையாவது கொடுப்பது நல்லது. காத்திருக்காமல் விநாடிக்கொரு தரம் தட்டிக்கொண்டே இருப்பது, சிறிய சேவையகத்தை வைத்துச் சமாளிக்கும் ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு நாம் செய்யும் தொந்தரவு.

இரண்டாம் படிதான் புதியவர்களைக் குழப்புவது. இந்த நடப்பொழுங்கில் கேள்வி பிழையாக இருந்தாலும் எண் 200 ஆகவே வரும். கதவு திறந்துவிட்டதல்லவா! பிழை என்ன என்பது உள்ளே, எக்ஸ்.எம்.எல். பதிலுக்குள் எழுதப்பட்டிருக்கும். இப்படிப்பட்ட வழுக்கள் மொத்தம் எட்டு. நீ கேட்ட ஏவற்சொல்லே எனக்குத் தெரியாது என்பது ஒன்று. கேள்வியுடன் தந்த விபரம் பிழை என்பது இன்னொன்று; திகதியைத் தலைகீழாக எழுதினால் இது வரும். அந்த அடையாளத்தில் பதிவு இல்லை, அந்த வடிவில் தர முடியாது, தொகுதிகளாகப் பிரித்து வைக்கவில்லை என்று மற்றவையும் பெரும்பாலும் வெளிப்படையானவை. சிக்கிள் பதிலைத் திறந்து பார்த்து, உள்ளே வழு இருந்தால் அதன் பெயரிலேயே ஒரு விதிவிலக்கை எழுப்பும். பைதனில் விதிவிலக்கு எழுந்தால், அதைப் பிடித்துக் கையாள நாம் ஏற்பாடு செய்யாதவரை செய்நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

எட்டு வழுக்களில் ஒன்றைப் பற்றி மட்டும் நின்று பேச வேண்டும். “பொருந்தும் பதிவுகள் இல்லை” என்பது அது. பெயருக்கு அதுவும் வழுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள்: சென்ற மாதம் முழுவதையும் அறுவடை செய்துவிட்டோம், இந்த மாதம் “மார்ச் 1க்குப் பின் வந்தவற்றைத் தா” என்று கேட்கிறோம், புதிதாக ஒன்றும் சேரவில்லை. களஞ்சியம் “இல்லை” என்கிறது. இதில் என்ன பிழை? கேள்வியும் சரி, பதிலும் சரி. நிம்மதியாக அடுத்த களஞ்சியத்துக்குப் போகலாம். எனவே இந்த விதிவிலக்கைப் பிடித்து, “பூச்சியம் பதிவுகள், பதில் கிடைத்தது” என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆபத்து தொடங்குவதும் இங்கேதான். மாதாமாதம் இந்த விதிவிலக்கு செய்நிரலை நிறுத்துவதால் எரிச்சலடைபவர்கள், “எந்த வழு வந்தாலும் பேசாமற் கடந்து போ” என்று இரண்டு வரியில் எழுதிவிடுவதுண்டு. பைதன் அதை ஏற்கும். அதன்பின் செய்நிரல் ஒருபோதும் நிற்காது, பார்க்க மிக அழகாக ஓடும். ஆனால் “புதிதாக ஒன்றும் இல்லை” என்பதும், “மின்சாரம் போய்ச் சேவையகமே கிடையாது” என்பதும் அதற்குப் பிறகு ஒன்றாகிவிடும்.

அதனால் என்ன, அடுத்த மாதம் வரும்தானே என்று நீங்கள் கேட்கலாம். வராது. அறுவடைச் செய்நிரல் கடைசியாகப் போன திகதியைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த தடவை அதிலிருந்து கேட்கும். பெப்ரவரி 1இல் ஓடியது, நன்றாக முடிந்தது. மார்ச் 1இல் ஓடியபோது களஞ்சியம் பதில் தரவில்லை. செய்நிரல் அதை விழுங்கிவிட்டு, கடைசித் திகதி மார்ச் 1 என்று எழுதிக்கொண்டது. ஏப்ரல் 1இல் “மார்ச் 1க்குப் பின் வந்தவை” என்று கேட்கும். பெப்ரவரி மாதம் முழுவதும் சேர்ந்தவை என்னவாயின? அவற்றைப் பிறகு யாரும் கேட்கப்போவதில்லை. ஒரு சகோதரி இரண்டு வருடம் ஊர் ஊராக அலைந்து, முதிய பெண்களிடம் பாடல்களை ஒலிப்பதிவு செய்து எழுதிய ஆய்வேடு பெப்ரவரியில் களஞ்சியத்தில் ஏறியிருந்தால், நம் பட்டியலைப் பொறுத்தவரை அப்படியோர் ஆய்வேடு எழுதப்படவேயில்லை. அடுத்து வருபவர் “எவரும் ஆய்வு செய்யவில்லை” என்று மனச்சாட்சி உறுத்தாமலே எழுதுவார். பொய் சொன்னது யார் என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

ஆகவே கடைசித் திகதியை, அறுவடை முழுதாக முடிந்தால் அல்லது களஞ்சியம் தெளிவாக “இல்லை” என்று சொன்னால் மட்டுமே முன்னகர்த்த வேண்டும். வேறெந்தத் தடங்கல் வந்தாலும் பழைய திகதி அப்படியே இருக்கட்டும்.

திகதி என்றதும் இன்னொன்று. இந்த நடப்பொழுங்கில் நேரமெல்லாம் உலகப் பொது நேரம். நாம் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முந்தியவர்கள். இலங்கையில் மார்ச் 2 அதிகாலை 3 மணி என்றால் அங்கே இன்னும் மார்ச் 1 இரவு 9.30. நம் சுவர்க் கலண்டரைப் பார்த்து மார்ச் 2 என்று குறித்துக்கொண்டால், அங்கே மார்ச் 1இல் எஞ்சியிருந்த இரண்டரை மணித்தியாலத்தில் சேர்ந்தவை விடுபட்டுப் போகும். ஒவ்வொரு பதிலின் தலைப்பிலும் களஞ்சியம் தன் நேரத்தை எழுதி அனுப்புகிறது. அறுவடை தொடங்கியபோது வந்த முதற் பதிலில் உள்ளதைக் குறித்துக்கொள்வதே சரி. பாதுகாப்புக்கு ஒரு நாள் பின்தள்ளிக் கேட்டாலும் நட்டமில்லை. ஒரே பதிவு இரண்டு தடவை வந்தால் அடையாளம் ஒன்றாகவே இருப்பதால் பழையதன் மேல் புதியது எழுதப்படும், அவ்வளவுதான்.

பெரிய களஞ்சியம் எல்லாப் பதிவுகளையும் ஒரே மூச்சில் தராது. நூறு பதிவுகளைத் தந்துவிட்டு ஒரு துண்டையும் கொடுக்கும். ஆஸ்பத்திரியில் நம்பர்த் துண்டு தருவார்களே, அதுபோல. அந்தத் துண்டைக் காட்டினால் அடுத்த நூறு கிடைக்கும். கடைசியில் வெறுமையான துண்டு வந்தால் முடிந்துவிட்டது என்று பொருள். சிக்கிள் இந்தத் துண்டுகளைத் தானே காட்டிக் காட்டி வாங்கிக்கொள்ளும். நமக்கு அது தெரியவே தெரியாது. இந்த வசதிக்குள் ஒரு பள்ளம் இருக்கிறது. முதல் நூறையும் கேட்பது நாம் எழுதும் அந்த ஒரு வரி. இரண்டாம் நூறிலிருந்து கேட்கப்படுவதோ, பதிவுகளை ஒவ்வொன்றாக எடுக்கும் மீள்செயலுக்குள். துண்டின் காலம் கடந்துவிட்டால் “இந்தத் துண்டு செல்லாது” என்ற வழு அந்த மீள்செயலின் நடுவிலேதான் வெடிக்கும். எனவே வழுவைப் பிடிக்கும் ஏற்பாடு முதல் வரியை மட்டும் சுற்றியிருந்தாற் போதாது. மீள்செயல் முழுவதையும் சுற்றியிருக்க வேண்டும். பாதியில் நின்ற அறுவடையை முடிந்த அறுவடையாக எண்ணவும் கூடாது. துண்டோடு மொத்தப் பதிவுகள் எத்தனை என்ற எண்ணையும் சில களஞ்சியங்கள் அனுப்பும். வந்தவற்றை எண்ணி அதனுடன் ஒப்பிட ஒரு நிமிடம் செல்லாது.

இதுவரை சொன்னவை எல்லாம் வாய்திறந்து சொல்லப்படும் வழுக்கள். எனக்கு உண்மையிற் பயம் தந்தது வாய் திறக்காத ஒன்று. நான் தேடிய களஞ்சியங்களில் ஒன்று (பெயர் இங்கு தேவையில்லை) 200 என்ற எண்ணுடன் பதில் அனுப்பியது. விதிவிலக்கு எதுவும் எழவில்லை. வந்த பதிவுகள் பூச்சியம். பொருந்தும் பதிவு இல்லையென்றால் அதற்குரிய வழு வந்திருக்க வேண்டுமே? வழுவும் இல்லை, பதிவும் இல்லை என்பது அந்த நடப்பொழுங்கின்படி நடக்கக்கூடாத காரியம். சிக்கிளில், வந்த பதிலை அது வந்தபடியே காட்டச் சொல்லவும் ஒரு வழி இருக்கிறது. பார்த்தால், பராமரிப்பு வேலை நடைபெறுகிறது என்று அறிவிக்கும் சாதாரண இணையப் பக்கம்! பழுதான எக்ஸ்.எம்.எல்லையும் இயன்றவரை சீர்செய்து வாசிக்கும்படி சிக்கிள் அமைக்கப்பட்டிருக்கிறது. பல நேரங்களில் அது பெரிய உதவி. ஆனால் அந்தப் பெருந்தன்மையால், வந்த பக்கத்திலும் பதிவுகளைத் தேடி, ஒன்றும் காணாமல், அமைதியாக முடித்துவிட்டது. கதவைத் திறந்தவர் சீனியைப் பற்றி ஒன்றுமே சொல்லாமல் வீட்டுக்குப் பூச்சுப் பூசுகிறோம் என்று சொல்லி அனுப்பிய கதை. பதிலின் வேர்க்கூறு நடப்பொழுங்கின் பெயரில் தொடங்குகிறதா என்று ஒரு வரிச் சோதனை சேர்த்தால் இதைப் பிடித்துவிடலாம்.

இதனால் ராத்தாவின் பட்டியலுக்குப் பக்கத்தில் இன்னொரு தாளும் வைத்தேன். பதிவுகள் கிடைத்த களஞ்சியங்கள், “இல்லை” என்று பதில் சொன்னவை, பதிலே சொல்லாதவை என்று மூன்று நிரல்கள்; ஒவ்வொன்றுக்கும் எதிரே திகதி. மூன்றாம் நிரலில் ஒரு பெயர் இருக்கும்வரை “எவரும் ஆய்வு செய்யவில்லை” என்று எழுத முடியாது. “இத்தனை களஞ்சியங்களில் இன்ன திகதியில் தேடியபோது கிடைக்கவில்லை” என்று எழுதலாம். சற்று நீளமான வாக்கியந்தான்.

அழிக்கப்பட்ட பதிவுகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். களஞ்சியம் ஒரு பதிவை நீக்கினால், “அழிக்கப்பட்டது” என்ற குறியுடன் வெறும் தலைப்பை மட்டும் அனுப்பலாம். உள்ளே மீதரவு இராது. அதைத் தேடும் செய்நிரல் தடுமாறி விழும். அழிக்கப்பட்டவற்றைத் தவிர்த்துவிடு என்று சிக்கிளிடம் சொல்லலாம். முதல் அறுவடையில் அது சரி. பிந்திய அறுவடைகளில் அப்படிச் சொன்னால், மீளப்பெறப்பட்ட ஒரு கட்டுரை நம் பட்டியலில் நிரந்தரமாகக் குடியிருக்கும். அழித்தவற்றைப் பற்றிய தகவலைத் தான் வைத்திருக்கிறதா என்பதை “நீ யார்?” என்ற கேள்விக்கான பதிலிலேயே களஞ்சியம் கூறிவிடும். வைத்திருப்பதில்லை என்றால், அவ்வப்போது முழுவதையும் புதிதாக அறுவடை செய்து ஒப்பிடுவதைத் தவிர வழியில்லை.

கடைசியாக, எந்தச் செய்நிரல் நூலகமும் வழு என்று சொல்லாத ஒரு விடயம். தமிழ்த் தலைப்புகளைப் பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து அப்படியே ஒட்டியிருந்தால், கணினிக்கு அவை தமிழே அல்ல. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த ஒரு கோவை. அறுவடை குறைவின்றி முடியும், பதிவும் வந்து சேரும், எண்ணிக்கையும் சரியாக இருக்கும். ஆனால் யுனிகோடில் “நாட்டார் பாடல்” என்று தேடினால் அது அகப்படாது. தமிழ்த் தலைப்புகளை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து எழுதுபவர்களும் உண்டு. “முஸ்லிம்” என்ற ஒரு சொல்லுக்கே அங்கு இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்கள். பாமினியை யுனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; தேடுசொல்லை மறுபக்கமாகப் பாமினிக்கு மாற்றியும் ஒரு முறை தேடிப் பாருங்கள். மொழி என்ற கூற்றில் தமிழ் என்று குறிக்கப்பட்டிருந்தும் தலைப்பில் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லாத பதிவுகளைத் தனியே பிரித்தெடுத்து, அவற்றை மட்டும் கண்ணால் வாசிப்பது இன்னும் நல்லது.